சருகு போட்டா மண் புளிக்குமா? வால்பாறை டீக்காடும் அப்பத்தா அடுப்புச் சாம்பலும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவைகளையும், ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொன்ன இடங்களையும் மட்டும் வெட்டியிருக்கேன்.)

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாட்ஸாப் வாய்ஸ் நோட்டு. என்னோட காலேஜ்ல ஒண்ணா படிச்ச நண்பன் இப்ப கனடாவுல, டொராண்டோ பக்கம் இருக்கான். அங்க 2018 அக்டோபர்ல கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினாங்க. அவன் இருக்குற மாகாணத்துல ஒரு வீட்டுக்கு 4 செடி வரைக்கும் வளர்க்கலாம். இவன் வீட்டுக்குள்ள, லைட்டுக்குக் கீழ தொட்டியில வச்சிருக்கான். இலை ஓரம் மஞ்சளாகுது. கடைக்காரர் பைன் மரப்பட்டையை மண்ணு மேல பரப்பச் சொல்லியிருக்கார். இன்னொருத்தர், "பைன் போட்டா மண் அமிலமாயிடும், செடி செத்துடும்"னு சொல்லியிருக்கார். இவன் என்கிட்ட கேக்கறான்: "மச்சி, நீ டீ எஸ்டேட்ல பொறந்தவன்தானே, இது உனக்குத் தெரியணுமே?"

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லிடறேன். இங்க, இந்தியாவுல, 1985-ம் வருஷத்து என்.டி.பி.எஸ். சட்டப்படி கஞ்சாச் செடி வளர்க்குறது குற்றம். 10 வருஷம் வரைக்கும் கடுங்காவல் இருக்கு. அதனால இது வளர்ப்புக் குறிப்பு சொல்ற எபிசோடு இல்லை.

ஆனா கேள்வி நல்ல கேள்வி. மண்ணு மேல நாம போடற மூடாக்கு, அதாவது சருகு, பட்டை, வைக்கோல், கவாத்துக் குச்சி, இதெல்லாம் மண்ணோட பி.ஹெச்-ஐ மாத்துமா? நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். மண்ணைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா என் குடும்பம் 3 தலைமுறையா நின்ன மண்ணுல இந்தக் கேள்விக்கு 100 வருஷத்துக்கு மேல பதில் எழுதப்பட்டுட்டே இருந்திருக்கு. அதைத் தேடிப் படிச்சதுலதான் இந்த எபிசோடு வந்துச்சு.

எங்கிருந்து ஆரம்பிக்குது

பொள்ளாச்சியில இருந்து ஆழியாறு தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவு ஏறினா வால்பாறை. கடல் மட்டத்துல இருந்து சுமார் 3500 அடி. போற வழியில கவர்கல் பக்கம் ஒரு வெள்ளைக்காரரோட சிலையைப் பார்த்திருப்பீங்க. கார்வர் மார்ஷ். ஆனைமலையில தேயிலைத் தோட்டம் போட்ட முன்னோடின்னு பிளாண்டர்கள் கொண்டாடுற ஆள். அதுக்கு முன்னாடியே, 19-ம் நூற்றாண்டு நடுவுல, இங்க காபி போட்டுப் பார்த்திருக்காங்க. 1869-ல இலங்கையில தலைகாட்டின காபி இலைத்துரு நோய் தென்னிந்தியா வரைக்கும் பரவி, காபி மேல இருந்த நம்பிக்கையை உடைச்சுது. 1890-கள்ல இருந்து ஆனைமலையில காடு வெட்டித் தேயிலை நட ஆரம்பிச்சாங்க.

காடருங்களும் மலசருங்களும் இருந்த மழைக்காடு அது. அந்தக் காட்டை யார் வெட்டினாங்க, எப்படிக் கூட்டிட்டு வந்தாங்க, கங்காணி முன்பணம் எப்படிக் கழுத்தைச் சுத்தின கயிறாச்சு, மலேரியாவுல எத்தனை பேர் போனாங்கங்கிறதை இங்க எஸ்டேட் டாக்டரா வேலை பார்த்த பி. ஹெச். டேனியல் நாவலா எழுதினார். 1969-ல இங்கிலீஷ்ல 'ரெட் டீ'ன்னு வந்துச்சு. இரா. முருகவேள் தமிழாக்கத்துல 'எரியும் பனிக்காடு'. அதைப் பத்தி நிறைய பேர் பேசியாச்சு. நான் இன்னைக்குக் கீழ பார்க்கப் போறேன், மண்ணை.

ஒரு வேடிக்கை என்னன்னா, தேயிலை நட்டவங்களுக்குப் பி.ஹெச்-னு ஒண்ணே தெரியாது. ஏன்னா அது அப்போ இல்லை. 1909-லதான் டென்மார்க்குல, கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியோட ஆய்வுக்கூடத்துல, சோரன்சென்னு ஒரு வேதியியலாளர் அந்த அளவுகோலைக் கொண்டுவந்தார். பீர் காய்ச்சறதுல நொதி சரியா வேலை செய்ய எவ்வளவு புளிப்பு வேணும்னு அளக்கறதுக்காக. நம்ம ஆட்களுக்குப் புரியற மாதிரி சொன்னா அது ஒரு லாக் ஸ்கேல். 7 நடுநிலை. 5-ல இருந்து 4-க்கு இறங்கினா கொஞ்சம் புளிப்பு கூடலை, 10 மடங்கு கூடியிருக்கு.

தேயிலை கிறுக்குத்தனமான செடி. பெரும்பாலான பயிர் 6-ல இருந்து 7 கேட்கும். நண்பனோட கஞ்சாச் செடியும் மண்ணுல வச்சா அதைத்தான் கேட்கும். தேயிலைக்கு 4.5-ல இருந்து 5.5 வரைக்கும் இருந்தாத்தான் சந்தோஷம். மண் புளிச்சா அலுமினியம் கரைஞ்சு வெளிய வரும். மத்த செடிக்கு அது விஷம், வேர் நுனி கருகிடும். தேயிலை அதை உறிஞ்சி முத்தின இலையில சேர்த்து வச்சுக்கும். முத்தின இலையில அலுமினியம் ஆயிரக்கணக்கான பி.பி.எம். இருக்கும்.

மழைக்காட்டு மண் இயல்பாவே புளிப்பு. சின்னக்கல்லாறு தமிழ்நாட்டுல அதிகமா மழை பெய்யற இடங்கள்ல ஒண்ணு. அவ்வளவு தண்ணி மண்ணுக்குள்ள இறங்கும்போது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அரிச்சுட்டுப் போயிடும். புளிப்பைச் சமாளிக்கிற சரக்கு அதுதான். சரக்கு போச்சுன்னா மிஞ்சறது புளிப்பு. அதனால பிளாண்டர்கள் தெரியாமலே சரியான இடத்துல சரியான செடியை நட்டுட்டாங்க. பிரச்சினை அப்புறம் வந்துச்சு. தேயிலைக்கே தாங்காத அளவுக்கு, 4-ஐ நோக்கி மண் இறங்க ஆரம்பிச்சப்போ.

யார் மேல பழி

எங்க அப்பத்தா குடும்பம் ராமநாதபுரம் பக்கத்துல இருந்து வந்தது. அப்பத்தா பேர் சொன்ன வயசுல இருந்து கொழுந்து பறிச்சாங்க. எந்த எஸ்டேட்னு சொல்ல வேண்டாம். அவங்க சொல்ற கதையில அடிக்கடி வர்ற ஒரு காட்சி கவாத்து.

தெரியாதவங்களுக்கு: தேயிலையை அப்படியே விட்டா மரமாயிடும். 4-லிருந்து 6 வருஷத்துக்கு ஒரு தடவை இடுப்பு உயரத்துக்கோ இன்னும் கீழயோ வெட்டி விடுவாங்க. அதுதான் கவாத்து. வெட்டினா அந்தக் காடு முழுக்கக் குச்சியும் இலையும் குவியும். அதை அங்கேயே பரப்பி விட்டுட்டா மூடாக்கு. மார்கழியில இருந்து பங்குனி வரைக்கும் வர்ற வறட்சியில மண் காயாது, மழைக்கு மண் அரிக்காது, களை வராது.

ஆனா லைன் வீட்டுல அடுப்பு எரியணும். மலை மேல, குளிர்ல, மழையில, 6 பேருக்குச் சோறும் சுடுதண்ணியும் வேணும். காட்டுக்குள்ள போனா ஃபாரஸ்ட்காரங்க பிடிப்பாங்க. கவாத்துக் குச்சிதான் கைக்கு எட்டின விறகு. அப்பத்தா சொல்வாங்க:

"சாயங்காலம் ஒரு கட்டு தலையில வச்சுட்டு வருவோம்யா. வாச்சர் நிப்பான். கட்டை இறக்கு, காட்டுல போடும்பான். மண்ணு கெட்டுப்போவுதாம். நாங்க வெறகு எடுத்துத்தான் துரையோட மண்ணு கெட்டுப்போச்சாம்."

சின்ன வயசுல இதைக் கேட்கும்போது வாச்சர்தான் வில்லன். இப்ப படிச்சுப் பார்த்தா, வாச்சர் சொன்னதுல பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்லலை.

உண்மையான பாதி

செடி மண்ணுல இருந்து பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் எடுக்கும். இதெல்லாம் நேர் மின்னேற்றம் உள்ள அயனிகள். ஒண்ணை எடுத்தா கணக்கு சரி பண்ண ஒரு ஹைட்ரஜன் அயனியை மண்ணுல விடும். ஹைட்ரஜன் அயனிதான் புளிப்பு. ஆக ஒவ்வொரு இலையும் வளரும்போது மண்ணு கொஞ்சம் புளிக்குது. அந்த இலை அங்கேயே விழுந்து மக்கினா கணக்கு நேராயிடும். எடுத்த காரம் திரும்ப மண்ணுக்கு வந்துடும். அந்த இலையை லாரியில ஏத்தி ஃபாக்டரிக்கு அனுப்பிட்டா, காரமும் சேர்ந்து போயிடுச்சு. புளிப்பு மட்டும் இங்க தங்கிடும்.

டீ எஸ்டேட்டோட தொழிலே இலையை எடுத்துட்டுப் போறதுதான். கொழுந்து போறதைத் தடுக்க முடியாது. கவாத்துக் குச்சியும் போனா கணக்குல ஓட்டை இன்னும் பெருசாகும். அதனால கவாத்துக் கழிவைக் காட்டுலயே விடுங்கங்கறது நல்ல அறிவுரைதான்.

இதுல நம்ம முதல் கேள்விக்கே பாதி பதில் இருக்கு. மூடாக்கு மண்ணைப் புளிக்க வைக்குமான்னு கேட்டோம். பெரும்பாலான சருகு மக்கும்போது கொஞ்சமாவது காரத்தைத் திருப்பித்தான் கொடுக்குது. பச்சைப் பைன் ஊசி இலையை நேரா அளந்தா புளிப்பு காட்டும், நிஜம்தான். ஆனா மக்க மக்க அந்தப் புளிப்பு தேயும். மேல போட்ட பைன் பட்டை, கீழ இருக்குற மண்ணை மாத்தறது ரொம்பக் குறைவு, ரொம்ப மெதுவு.

வால்பாறையில இதே பழி சில்வர் ஓக் மேலயும் உண்டு. ஆஸ்திரேலியாவோட கிழக்குக் கரையில இருந்து நிழலுக்காகக் கொண்டுவந்த மரம். அதோட சருகு சீக்கிரம் மக்காது. தேயிலைக்கு நடுவுல மெத்தை மாதிரி கிடக்கும். "அந்தச் சருகுதான் மண்ணைப் புளிக்க வைக்குது"ன்னு எங்க மாமாவே சொல்லிக் கேட்டிருக்கேன். கண்ணுக்கு முன்னாடி புளிப்பு மண்ணும் இருக்கு, மக்காத சருகும் இருக்கு. ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போடத் தோணும்.

இங்கதான் இங்கிலாந்துல இருக்குற ஒரு புல்வெளி எனக்கு உதவுச்சு. லண்டனுக்கு வடக்கே ரோதம்ஸ்டெட்ல லாஸ், கில்பர்ட்னு ரெண்டு பேர் 1856-ல ஒரு சோதனை ஆரம்பிச்சாங்க. ஒரே புல்வெளியைத் துண்டு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற உரம். இன்னைக்கு வரைக்கும் நடக்குது. பேர் பார்க் கிராஸ். அமோனியம் சல்பேட் தொடர்ந்து போட்டு, சுண்ணாம்பு போடாம விட்ட துண்டுல பி.ஹெச். 4-க்கும் கீழ போயிடுச்சு. அங்க மண்புழு இல்லை. செத்த புல் மக்காம, மேல ஒரு பாய் விரிச்ச மாதிரி திரண்டு கிடக்குது. பக்கத்துத் துண்டுல அதே மழை, அதே வெயில், ஆனா புல் ஒழுங்கா மக்குது.

புரியுதுங்களா? சருகு மக்காம கிடந்ததால மண் புளிக்கலை. மண் புளிச்சதால சருகு மக்கலை. நாங்க டெவலப்பர்கள் அடிக்கடி பண்ற தப்பு இது. லாக்-ல எர்ரர் வந்த வரியைப் பார்த்துட்டு அதுதான் காரணம்னு நினைச்சுடுவோம். நிஜக் காரணம் 200 வரி மேல இருக்கும்.

சொல்லாத பாதி

அந்த 200 வரி மேல இருந்தது உர மூட்டை.

1947-ல கேரளாவுல ஆலுவா பக்கம் உத்யோகமண்டல்ல ஃபேக்ட் உற்பத்தியைத் தொடங்குச்சு. நாட்டுலயே முதல் பெரிய அளவு உரத் தொழிற்சாலைன்னு அதைத்தான் சொல்வாங்க. அங்க தயாரிச்சது அமோனியம் சல்பேட். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச, பிடிக்காத தகவல் ஒண்ணு இருக்கு: ஆரம்பத்துல அங்க அமோனியா எடுக்கத் தேவையான வாயுவை விறகுல இருந்துதான் எடுத்தாங்க. காட்டு மரத்தை எரிச்சு வாயுவாக்கி, அதுல இருந்து உரம். 1951-ல சிந்த்ரி வந்துச்சு. அப்புறம் யூரியா காலம். சுதந்திரத்துக்கு அப்புறம் தென்னிந்தியத் தேயிலையில ரசாயன உரம் கூடுச்சு, விளைச்சலும் ஏறுச்சு.

அமோனியம் மண்ணுல விழுந்ததும் பாக்டீரியா அதை நைட்ரேட்டா மாத்தும். ஒரு அமோனியம் மாறும்போது 2 ஹைட்ரஜன் அயனி வெளிய வரும். நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கிட்டா கொஞ்சம் சமன் ஆகும். வால்பாறை மழையில நைட்ரேட் அரிச்சுட்டுப் போயிட்டா, போறப்போ கால்சியத்தையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிடும்.

எண்ணால சொல்றேன். 100 கிலோ அமோனியம் சல்பேட் உண்டாக்குற புளிப்பை அடக்க சுமார் 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேணும். 100 கிலோ யூரியாவுக்கு சுமார் 80 கிலோ. ஹெக்டேருக்கு வருஷம் 200 கிலோ தழைச்சத்தை முழுக்க அமோனியம் சல்பேட்டாப் போடறதா வச்சுக்குங்க. அது ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான உரம். அதை அடக்க ஒரு டன்னுக்குக் கொஞ்சம் அதிகமான சுண்ணாம்பு. ஒவ்வொரு வருஷமும். அப்பத்தா தலையில வச்சுட்டுப் போன விறகுக் கட்டை இந்தத் தராசுல வச்சுப் பாருங்க.

விஞ்ஞானிகளுக்கு இது தெரியாம இல்லை. 1893-ல தொடங்கின தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம், அதாவது உபாசி, 1926-ல கூடலூர் பக்கம் தேவர்சோலையில தேயிலைச் சோதனை நிலையம் ஆரம்பிச்சுது. 1960-கள்ல அது வால்பாறைக்கு வந்துடுச்சு. நீரார் அணைப் பக்கம் இன்னைக்கும் இருக்கு. அவங்க பரிந்துரை தெளிவா இருக்கு: மண்ணைச் சோதிங்க, ஒவ்வொரு கவாத்துச் சுற்றுக்கும் பி.ஹெச்-ஐயும் மழையளவையும் பார்த்து டோலமைட்டோ சுண்ணாம்போ போடுங்க, கவாத்துக் கழிவைக் காட்டுலயே விடுங்க. பழைய தேயிலையைப் பிடுங்கிட்டு மறுநடவு பண்றதுக்கு முன்னாடி குவாட்டிமாலா புல் வளர்த்து, வெட்டி, அங்கேயே மூடாக்காப் போட்டு மண்ணைத் தேற்றுற வழக்கமும் உண்டு.

ஆனா டோலமைட்டை லாரியில 40 வளைவு ஏத்தணும். காசு. விலை விழுந்த வருஷம் முதல்ல தள்ளிப்போடறது எதை? இந்த வருஷம் சுண்ணாம்பு போடலைன்னா இந்த வருஷம் கொழுந்து குறையாது. உரம் போடலைன்னா குறையும். சாஃப்ட்வேர்ல இதுக்கு டெக்னிக்கல் டெட்னு பேர். மண்ணுலயும் அதே கடன், அதே வட்டி.

சமவெளிக்காரங்களுக்கு இந்தக் கடன் தெரியாமலே போயிடும். கோயம்புத்தூரைச் சுத்திப் பல ஊர் மண்ணுல சுக்கான் கல் கிடக்கும். அது சுண்ணாம்புதான். பி.ஹெச். 8 சாதாரணம். அங்க அமோனியம் சல்பேட் போட்டா மண்ணுலயே இருக்குற சுண்ணாம்பு அதை விழுங்கிடும். கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்துல நிரந்தர உரச் சோதனைன்னு ஒண்ணு 1909-ல இருந்து நடக்குது. சோரன்சென் பி.ஹெச். கண்டுபிடிச்ச அதே வருஷம். ஒரே துண்டுல ஒரே உரத்தை 100 வருஷத்துக்கு மேல போட்டுப் பார்க்குற பொறுமை நம்ம ஊர்லயும் இருந்திருக்குங்கிறது எனக்குப் புதுசு. இதே மாவட்டம், கார்ல போனா சில மணி நேரம், ஆனா ஒரே மூட்டை உரம் ரெண்டு இடத்துல ரெண்டு வேலை செய்யும்.

சாம்பல் எங்க போச்சு

இதையெல்லாம் அப்பத்தாகிட்ட சொன்னேன். இப்ப அவங்க எங்ககூட சரவணம்பட்டியில இருக்காங்க. ரிட்டயர் ஆனதும் லைன் வீட்டைக் காலி பண்ணணும், அதுதான் சட்டம். வீடு வேலையோட ஒட்டினது. வேலை போனா வீடும் போச்சு. வால்பாறையில 2001 கணக்கெடுப்புல சுமார் 95 ஆயிரம் பேர். 2011-ல சுமார் 71 ஆயிரம். அந்தக் குறைஞ்ச கணக்குல எங்க வீட்டு ஆளுங்களும் இருக்காங்க.

"அப்பத்தா, நீங்க கொண்டுவந்த விறகுல மண்ணோட காரம் கொஞ்சம் போச்சுதான். ஆனா பெரிய கணக்கு உரம்"னேன்.

அவங்க அதுக்குப் பதில் சொல்லலை. வேற ஒண்ணு கேட்டாங்க. "வெறகு எரிஞ்சா அந்தக் காரம் எங்கய்யா போவும்?"

நான் ஒரு நிமிஷம் முழிச்சேன். எரிஞ்சாலும் கால்சியம், பொட்டாசியம், மெக்னீசியம் புகையாப் போகாது. சாம்பல்ல நிக்கும். விறகுச் சாம்பலைத் தண்ணியில கரைச்சா பி.ஹெச். 10-ஐத் தாண்டும்.

"சாம்பலை என்ன பண்ணுவீங்க?"

"பாத்திரம் தேய்ப்போம். மிச்சத்தைக் கொல்லையில கொட்டுவோம். பீன்சுக்கு, மேரக்காய்க்கு. சாம்பல் போட்டாத்தான் காய்க்கும். போடலைன்னா பீன்சு மொளைச்சு மஞ்சளாப் போயிரும்."

லைன் வீட்டுக்குப் பின்னாடி ஒரு துண்டு நிலம் இருக்கும். ரெண்டு கட்டில் போடற அளவு. புளிப்பு மண்ணுல பீன்ஸ் வராது. அலுமினியம் வேரைச் சுட்டுடும். அப்பத்தா பி.ஹெச். மீட்டர் பார்த்ததில்லை. ஆனா 30 வருஷம், நாள் தவறாம, தேயிலைக் காட்டுல இருந்து வந்த காரத்தை அடுப்பு வழியா அந்தத் துண்டுல கொட்டியிருக்காங்க. கம்பெனி டோலமைட்டை லாரியில ஏத்திட்டு வந்து பண்ண வேண்டிய வேலையை, வீட்டளவுல அடுப்புச் சாம்பல் பண்ணியிருக்கு.

போன ஜனவரியில அங்க போனேன். அந்த வீட்டுல இப்ப ஜார்க்கண்ட்ல இருந்து வந்த குடும்பம் இருக்கு. இப்ப கொழுந்து எடுக்குறதுல நிறைய பேர் அந்தப் பக்கத்து ஆளுங்கதான். அந்த அக்காகிட்ட அரைகுறை இந்தியில விஷயத்தைச் சொன்னேன். சிரிச்சுட்டு, எடுத்துக்கோன்னாங்க. கொல்லையில மிளகாயும் ஏதோ கீரையும் வச்சிருந்தாங்க. சமையலுக்குக் கேஸ் இருக்கு, ஆனா சுடுதண்ணிக்கு இன்னும் விறகு அடுப்பு. சாம்பல் இன்னும் அதே மூலையிலதான் கொட்டுறாங்க.

அங்க ஒரு கை மண்ணும், 20 அடி தள்ளி தேயிலை வரிசைக்குள்ள ஒரு கை மண்ணும் எடுத்துட்டு வந்தேன். நிழல்ல காயவச்சு, ஒரு பங்கு மண்ணுக்கு ரெண்டரைப் பங்கு காய்ச்சி வடிச்ச தண்ணி கலந்து, ஆன்லைன்ல வாங்கின மீட்டர்ல அளந்தேன். தேயிலை மண் நாலரைக்குக் கொஞ்சம் கீழ. கொல்லை மண் 6-ஐத் தாண்டி நின்னுச்சு. இது ஆராய்ச்சி இல்லை. ரெண்டே சாம்பிள், மலிவு மீட்டர். ஆனா லாக் ஸ்கேலை மறந்துடாதீங்க. அந்த 20 அடியில புளிப்பு வித்தியாசம் 30 மடங்குக்கும் மேல.

அப்பத்தாகிட்ட மீட்டர் எண்ணைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்துட்டு, "மொளகா எப்படியிருக்கு?"ன்னு கேட்டாங்க. நல்லாயிருக்குன்னேன். "கொல்லையை வுட்டுட்டு வந்ததுதான் எனக்கு ரொம்ப நாள் ஆறலை. வீடு போனாக்கூடப் பரவால்லைன்னு இருந்துச்சு"ன்னாங்க. எனக்கு இது அதுவரைக்கும் தெரியாது. ரிட்டயர்மெண்டுன்னா பிராவிடண்ட் ஃபண்டு, கிராஜுவிட்டி, வீடுன்னு பேசுவோம். 30 வருஷமா ஒரு ஆள் மண்ணைத் திருத்தினதுக்கு எந்தப் படிவத்துலயும் கட்டம் கிடையாது.

நண்பனுக்குப் பதில்

சரி, டொராண்டோக்காரனுக்கு நான் என்ன சொன்னேன்?

பைன் பட்டையைப் போடு, போடாத, அதுல பெரிய வித்தியாசம் வராது. தண்ணி ஆவியாகறதைக் குறைக்கும், அவ்வளவுதான். அடுப்புச் சாம்பலை மட்டும் அள்ளிப் போட்டுடாத. எங்க அப்பத்தா கொல்லைக்கு மழையும் ஆழமான மண்ணும் இருந்துச்சு. உன் தொட்டியில இருக்குறது ஒரு வாளி மண்ணு. காரம் ஒரே நாள்ல ஏறிடும். முதல்ல உர டப்பாவைத் திருப்பிப் பாரு, தழைச்சத்து அமோனியமா நைட்ரேட்டான்னு. அமோனியம் புளிக்க வைக்கும். குழாய்த் தண்ணியில பைகார்பனேட் எவ்வளவுன்னு பாரு. அது எதிர்ப்பக்கம் இழுக்கும். தொட்டிக்குள்ள என்ன நிரப்பியிருக்கன்னு பாரு. பீட் இயல்பாவே புளிப்பு, அதனால கம்பெனியே சுண்ணாம்பு கலந்துதான் விக்கும்.

அவன் மூட்டையைப் படம் எடுத்து அனுப்பினான். பீட் இல்லை, தென்னை நார்க் கழிவு. பின்னாடி 'பொள்ளாச்சி'ன்னு அச்சடிச்சிருந்துச்சு! ஒரு காலத்துல நார் மில்லுங்க ரோட்டோரம் மலை மாதிரி குவிச்சு வச்ச சரக்கு அது. இப்ப உப்பு போகக் கழுவி, கால்சியம் நைட்ரேட்ல ஊறவச்சு, கட்டியா அழுத்திக் கப்பல்ல போகுது. எங்க மலைக்கு ஏற வேண்டிய கால்சியம் வரலை, எங்க அடிவாரத்துக் கழிவு கால்சியத்தோட டொராண்டோ போயிடுச்சுன்னு சொல்லிச் சிரிச்சோம்.

கடைசியா ஒண்ணு. வால்பாறையில இப்ப நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் மாதிரி ஆட்கள் எஸ்டேட்டுகளோட சேர்ந்து சிதைஞ்ச காட்டுத் துண்டுகள்ல மழைக்காட்டு மரங்களைத் திரும்ப நட்டுட்டு வர்றாங்க. அந்த இடத்துல விழுற சருகை யாரும் லாரியில ஏத்த மாட்டாங்க. அங்கேயே விழும், அங்கேயே மக்கும். அடுத்த தடவை போகும்போது, அனுமதி வாங்கிட்டு, அந்த மண்ணையும் ஒரு கை எடுத்து அளக்கணும்னு இருக்கு.

உங்க வீட்டுல யாராவது எஸ்டேட்ல வேலை பார்த்திருந்தா, அவங்க கொல்லையில என்ன போட்டாங்க, மண்ணுக்கு என்ன பண்ணாங்கன்னு கேட்டுப் பதிவு பண்ணி அனுப்புங்க. ஃபோன்ல பேசினாலே போதும். நல்லா வந்தா எல்லாத்தையும் சேர்த்து ஒரு எபிசோடாப் போடறேன். சந்திப்போங்க.